தருக்கம் படிக்க என்ன புத்தகம்?

இண்டர்மீடியட் என்று ஒரு படிப்பு இருந்தது நம்மில் எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருடப் படிப்பு. 1950களின் நடுவில் பி.யூ.சி. வந்து அதை விழுங்கிவிட்டது. கணக்கு, பௌதிகம், ரசாயனம் பக்கம் போகாமல் கலைப்பிரிவு எடுத்தவர்களுக்குச் சரித்திரத்தோடு 'லாஜிக்' என்றும் ஒரு பாடம் உண்டு. வக்கீல் ஆக நினைத்தவர்கள் விரும்பி எடுத்தார்கள். மற்றவர்கள் மார்க் வரும் என்று எடுத்தார்கள். கணக்குப் போல இதிலும் விடை சரியென்றால் முழு மார்க்.

என் பெரியப்பா மகன் அப்படிப் படித்தவர். கிணற்றுமேட்டில் உட்கார்ந்து நோட்டை மூடி வைத்துக்கொண்டு, 'பார்பரா, செலாரென்ட், டேரீ, ஃபெரியோ' என்று மந்திரம் மாதிரி உருப்போடுவார். பெரியம்மாவுக்குக் கவலை. "யாருடா அந்தப் பார்பரா? காலேஜில் கூடப் படிக்கிற புள்ளையா?" என்று ஒருநாள் கேட்டே விட்டார். அது பெண்ணின் பெயர் அல்ல. நடுக்கால ஐரோப்பாவில் தருக்கம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் பையன்கள் மறக்காமல் இருக்கக் கட்டிய நினைவுச்சொல். ஒவ்வொரு சொல்லிலும் வரும் உயிரெழுத்துதான் விஷயம். பார்பராவில் மூன்று 'அ'கரம். அதாவது மூன்று வாக்கியமும் 'எல்லாம் இப்படி' என்ற வகை: எல்லா மனிதரும் இறப்பவர், எல்லா அரசரும் மனிதர், ஆகவே எல்லா அரசரும் இறப்பவர். அவ்வளவுதான் பார்பரா.

புத்தகம் எல்லாம் இங்கிலீஷ். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் எழுதிய பெரிய நூல் ஆசிரியர்களுக்கு. மாணவர்களுக்கு ஜெவன்ஸ் 1870இல் எழுதிய சிறிய பாடநூலும், அதைப் பார்த்து இந்தியர்கள் எழுதிய நோட்ஸ்களும். எங்கள் அண்ணன் வைத்திருந்தது ஒரு நோட்ஸ்தான். அட்டை போய், பெயர்கூடத் தெரியாது. அதில் அவர் பென்சிலால் ஓரத்தில் தமிழில் எழுதி வைத்திருந்ததை நான் பிற்பாடு பார்த்தேன். 'மேஜர் டெர்ம்' என்பதற்கு எதிரே 'பெரிய சொல்?' என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்குறிதான் இந்தக் கட்டுரைக்கு விஷயம்.

தமிழில் கல்லூரிப் பாடம் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு முதலில் சோதனை நடந்தது நம் ஊரில். இளைய தலைமுறைக்கு இது தெரிவதில்லை. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி. சுப்பிரமணியம். அவர் காலத்தில், 1960இல், கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பைத் தமிழ்வழியில் சோதனையாகத் தொடங்கினார்கள். 1852இல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்து வளர்ந்த கல்லூரி அது. எதிர்ப்பும் இருந்தது, கேலியும் இருந்தது. 'பாடம் நடத்தலாம், புத்தகம் எங்கே?' என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி. அதற்காகவே தமிழ் வெளியீட்டுக் கழகம் என்று அரசு ஒன்றை ஏற்படுத்தி, கல்லூரி ஆசிரியர்களை எழுதவைத்தது. பின்னால் அது தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமாக மாறியது. அரசியல், பொருளாதாரம், உளவியல், தத்துவம் என்று நூற்றுக்கணக்கில் வந்தன. தருக்கமும் வந்தது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்தப் புத்தகங்களைக் காசில்லாமல் படிக்கலாம்.

இந்த வேலைக்கு நம் பகுதி மண்ணைப் பதமாக்கி வைத்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தி. சு. அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954இலிருந்து கலைக்களஞ்சியம் வெளியிட்டது. பத்துத் தொகுதி. பதிப்பாசிரியர் மொடக்குறிச்சிப் பக்கத்துப் பெரியசாமித் தூரன். பீளமேட்டிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் நடத்திய 'கலைக்கதிர்' மாதாமாதம் விஞ்ஞானத்தைத் தமிழில் கொண்டுவந்தது. எங்கள் வீட்டுக்குக் கலைக்கதிர் வரும். படம் பார்ப்பதற்காகவே சண்டை நடக்கும்.

தருக்கப் புத்தகம் எழுத உட்கார்ந்தவர்களுக்குச் சொல்தான் முதல் தொல்லை. 'லாஜிக்' என்பதற்கே தருக்கம், அளவை, நியாயம் என்று மூன்று சொல். 'இண்டக்‌ஷன்' என்பதை ஒருவர் விதிவரு முறை என்றார், இன்னொருவர் தொகுத்தறி முறை என்றார். ஆனால் பலரும் நினைத்ததுபோல இது தமிழுக்குப் புதிய சரக்கு அல்ல. பழைய சரக்குத்தான். பரணில் கிடந்தது.

முதல் புத்தகம் மணிமேகலை. கதை தெரியும், அமுதசுரபி தெரியும். கடைசிக் காதைகளைப் பெரும்பாலோர் திறந்து பார்த்ததில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவர்களே 'அது வறட்டுப் பகுதி, பரீட்சைக்கு வராது' என்பார்கள். 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சியில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், உன் கொள்கை என்ன, அதற்கு அளவை என்ன என்று கேட்கிறாள். 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். இது கதைக்குள் வைத்த முழுப் பாடப்புத்தகம். அறிவதற்கு வழி இரண்டு: காண்டல், கருதல். வாதத்துக்கு உறுப்பு ஐந்து: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். கடைசி இரண்டும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்றும் சொல்கிறார்.

மலையில் நெருப்பு இருக்கிறது: இது பக்கம், நிறுவவேண்டிய கூற்று. புகை இருப்பதால்: ஏது. எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுக்களையைப் போல. நெருப்பில்லாத இடத்தில் புகை இல்லை, குளத்தைப் போல: திட்டாந்தம். இந்த மலையிலும் புகை தெரிகிறது: உபநயம். ஆகவே நெருப்பு இருக்கிறது: நிகமனம். பார்பராவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். பார்பராவில் 'எல்லாம் இப்படி' என்று சொன்னால் போதும். இங்கே 'எங்கே பார்த்தாய், காட்டு' என்று கேட்பார்கள். நம்மூர் பஞ்சாயத்தில் பெரியவர்கள் "அதெப்படிங்க, எங்க நடந்திருக்குது?" என்று கேட்பது போல. எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

அதைவிடச் சுவாரசியம் தப்புகளின் பட்டியல். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. ஆக, வாதத்தில் தவறுவதற்கு 33 வழி. ஒரு உதாரணம். மார்கழிக் காலையில் மருதமலை மேலே வெள்ளையாய் ஏதோ எழும்புகிறது. பனியா, புகையா தெரியவில்லை. அதை வைத்து 'மலையில் நெருப்பு' என்று சாதித்தால், ஏதுவே சந்தேகத்தில் இருக்கிறது. அந்தப் போலிக்கு 'சித்தாசித்தம்' என்று பெயர். மணிமேகலை சொல்லும் உதாரணமும் பனியும் புகையும்தான், மருதமலை மட்டும் என் சேர்க்கை. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியில் பாதி இந்த வகை.

இந்த 33 போலிகளின் பட்டியல் சங்கரசுவாமி என்பவர் வடமொழியில் எழுதிய 'நியாயப்பிரவேசம்' என்ற சின்ன நூலில் அப்படியே இருக்கிறது. அது மாணவர்களுக்கென்றே எழுதிய நுழைவாயில் நூல். திக்நாகர் என்ற பெரிய பௌத்தத் தருக்கர் மரபைச் சேர்ந்தது. திக்நாகரே காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்பது பௌத்தர்களின் செவிவழி மரபு. எது முந்தியது என்று நம் அறிஞர்கள் நன்றாகவே சண்டை போட்டிருக்கிறார்கள். மணிமேகலை திக்நாகருக்கும் முந்தியது என்று எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் ஒரு புத்தகமே எழுதினார். இல்லை, நியாயப்பிரவேசத்தைப் பார்த்துத்தான் சாத்தனார் எழுதினார் என்று குப்புசாமி சாஸ்திரியார் போன்றவர்கள் மறுத்தார்கள். வரிசையும் எண்ணிக்கையும் இவ்வளவு ஒத்துப்போவதைப் பார்த்தால் எனக்கு சாஸ்திரியார் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அதனால் சாத்தனாருக்குக் குறைவில்லை. அதே நியாயப்பிரவேசத்தை யுவான் சுவாங் சீனாவுக்குக் கொண்டுபோய் 647இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். அங்கிருந்து ஜப்பான் மடங்களுக்குப் போனது. திபெத்துக்கும் போனது. சீனத்துப் பிக்குவும் தமிழ் மாணவனும் ஒரே பால பாடத்தைத் தங்கள் தங்கள் மொழியில் படித்திருக்கிறார்கள்.

இந்தப் பகுதி நமக்குப் புரியும்படி கிடைத்ததற்கு இரண்டு மூன்று பேருக்குக் கடன்பட்டிருக்கிறோம். உ.வே.சா. 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். பௌத்தம் சொல்லித்தர அவருக்குத் தமிழ்ப் புலவர் யாரும் கிடைக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்த ரங்காசாரியார் இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்துப் பொருள் சொல்லி உதவினார். பிறகு ந. மு. வேங்கடசாமி நாட்டார் எழுதிய உரையில், அவர் விட்ட கடைசிக் காதைகளுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளை எழுதினார். அந்தக் கடைசிப் பகுதி உரை இல்லாமல் 29ஆம் காதைக்குள் யாரும் போகவேண்டாம். நான் வெறும் மூலத்தோடு போய்ப் பார்த்து இரண்டு பக்கத்தில் திரும்பினேன்.

சமணர் பக்கம் நீலகேசி. குண்டலகேசிக்கு எதிர்நூல். நீலகேசி என்ற பெண் ஊர் ஊராகப் போய் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி எல்லோரோடும் வாதம் பண்ணுகிறாள். சக்கரவர்த்தி நயினார் 1936இல் பழைய உரையோடு அதைப் பதிப்பித்தார். பாடமாகப் படிக்க இது ஏற்றதல்ல, கட்சி கட்டி எழுதியது. வாதம் எப்படிச் சூடாக நடந்தது என்று பார்க்க நல்லது.

சமணம் என்றதும் நம் சீமை ஞாபகம் வரவேண்டும். விஜயமங்கலத்துச் சமணக் கோயிலைப் பார்க்காதவர்கள் ஒருநாள் ஈரோடு போகும்போது இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம். அதே வட்டாரத்துச் சீனாபுரம்தான் பவணந்தியின் ஊர் என்பது நம் பக்கத்து மரபு. நன்னூலை இலக்கணம் என்று மட்டும் படித்தோம். அதன் பாயிரத்தில் 'எழுவகை மதம்' என்று ஒன்று சொல்கிறார். ஒரு நூலாசிரியன் பிறர் கருத்தை எப்படிக் கையாளலாம் என்பதற்கு ஏழு வழி: ஏற்றுக்கொள்ளலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னால் தள்ளலாம், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம், இரண்டு பேர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலில் குற்றம் காட்டலாம், யாரோடும் சேராமல் தன் வழியே போகலாம். நூலின் பத்துக் குற்றத்தில் 'மாறுகொளக் கூறல்', 'மற்றொன்று விரித்தல்' என்று இரண்டு. தனக்குத்தானே முரண்படுவதும், பேச்சை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போவதும். டி.வி. விவாதம் பார்க்கிறவர்களுக்கு விளக்கம் வேண்டாம். எட்டாம் வகுப்பில் இவற்றை உருப்போட வைத்த ஆசிரியர், இது வாதம் செய்யக் கற்றுத்தரும் பாடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் வேறு மாதிரி படித்திருப்போம்.

சைவத்தில் சிவஞான சித்தியார். 13ஆம் நூற்றாண்டு அருணந்தி சிவாசாரியார். பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதி. பரபக்கத்தில் எதிராளியின் கொள்கையை அவன் சொல்வது போலவே முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் மறுப்பார். அளவை என்று தனியாகச் சில பாட்டுகள் உண்டு. பத்து அளவை வரை எண்ணுவோர் உண்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்பது அவர் முடிவு. பௌத்தருக்கு இரண்டு, சைவருக்கு மூன்று, நியாய நூலாருக்கு நான்கு. எத்தனை என்பதே பெரிய சண்டை.

இவற்றையெல்லாம் விட மாணவன் கையில் கொடுக்கத் தகுந்தது தருக்க சங்கிரகம். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் வடமொழியில் எழுதியது. சிறுவர்கள் சிரமமில்லாமல் அறிந்துகொள்வதற்காகச் செய்தேன் என்று அவரே தொடக்கத்தில் சொல்கிறார். சின்னப் புத்தகம். ஏழு பதார்த்தம், நான்கு பிரமாணம், ஐந்து ஏதுப் போலி. இதையும் இதன் உரையையும் தமிழில் செய்தவர் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர், 1785இல் மறைந்தவர். சிவஞான மாபாடியம் எழுதிய கைதான் இதையும் எழுதியது. பின்னால் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அச்சில் ஏற்றினார். இந்தச் சிவஞான முனிவரின் மாணவர்தான் நம் பேரூர்ப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர். பட்டீசுவரர் கோயிலில் கனகசபையை அண்ணாந்து பார்க்கிறவர்கள், அந்தத் தலத்தைப் பாடியவர் தருக்க சங்கிரகம் தமிழாக்கியவரிடம் பாடம் கேட்டவர் என்பதையும் ஒரு நொடி நினைக்கலாம்.

தருக்க சங்கிர மரபில் ஒரு இடம் எனக்கு மிகப் பிடித்தது. புகை இருந்தால் நெருப்பு இருக்கும், சரி. அதைத் திருப்பி, நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்று சொல்லலாமா? கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. கணபதிப் பக்கம் ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லித்தரவே வேண்டாம். புகைக்குக் காரணம் வெறும் நெருப்பல்ல, ஈர விறகு. அந்த ஈர விறகுக்கு 'உபாதி' என்று பெயர். சொல்லாமல் விட்ட நிபந்தனை. 'நல்ல ஸ்கூலில் சேர்த்தால் பிள்ளை நன்றாகப் படிக்கும்' என்று யாராவது சொன்னால் இதில் ஈர விறகு எது என்று நான் தேட ஆரம்பித்துவிடுகிறேன். வீட்டில் இதனால் கொஞ்சம் கெட்ட பெயர்.

எங்கள் வீதியில் ஒரு பையன் சட்டக் கல்லூரிக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறான். நுழைவுத் தேர்வில் தருக்கத் திறன் என்று ஒரு பகுதி. கோச்சிங் சென்டரில் கொடுத்த தடித்த புத்தகம் ஒன்று வைத்திருக்கிறான். நாலு விடையில் ஒன்றை எத்தனை விநாடியில் டிக் அடிப்பது என்பதுதான் அதில் பாடம். "தாத்தா, தமிழில லாஜிக் புஸ்தகம் இருக்குங்களா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். எதில் ஆரம்பிக்க என்று கேட்டபோதுதான் நானே யோசித்தேன்.

இங்கிலீஷில் வேண்டுமென்றால் இர்விங் கோப்பி எழுதிய அறிமுக நூல். 1953இல் முதலில் வந்தது, பதிப்பு மேல் பதிப்பாக இன்றும் வருகிறது, இந்தியப் பதிப்பு விலைக்குக் கிடைக்கிறது. பத்திரிகைத் தலையங்கத்திலிருந்தும் வழக்குமன்றத்திலிருந்தும் எடுத்த வாதங்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வார். பயிற்சியைச் செய்யாமல் படித்தால் பிரயோசனமில்லை. ஜெவன்ஸ் இப்போது வேண்டாம். ஜெவன்ஸுக்கு முன்னாலேயே ஜார்ஜ் பூல் 1854இல் தருக்கத்தை அல்ஜீப்ரா ஆக்கிவிட்டார், 1879இல் ஃபிரேகே அதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள் நாளெல்லாம் புழங்குவது பூல் கொடுத்த 'ஆண்டு', 'ஆர்', 'நாட்' மூன்றும்தான். கோப்பியின் பிற்பகுதியில் அதற்கும் வாசல் இருக்கிறது.

நம் மரபை இங்கிலீஷில் படிக்க, முன்னே சொன்ன குப்புசாமி சாஸ்திரியார் 1932இல் எழுதிய இந்தியத் தருக்கப் பால பாடம். தருக்க சங்கிரகத்தை வரி வரியாக விளக்குவது. சென்னை மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. அதற்கு மேல் தெளிவாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

தமிழில் என்றால் பையனுக்கு நான் யாழ்ப்பாணத்துப் பக்கம் கை காட்டினேன். இங்கே கலைப்பிரிவில் தருக்கம் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. தத்துவத்துறை வைத்திருக்கும் கல்லூரிகளே விரல்விட்டு எண்ணும் அளவு. இலங்கையில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்பது உயர்தரப் பரீட்சைக்கு இன்றும் ஒரு பாடம். பிளஸ் டூ வயதுப் பிள்ளைகள் தமிழில் படித்துத் தமிழில் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதற்குப் பாடநூலும் பழைய வினாத்தாளும் புழங்குகின்றன. எங்கள் அண்ணன் கேள்விக்குறி போட்டுத் தேடிய சொல்லெல்லாம் அங்கே பள்ளிப் பிள்ளைகளின் வாயில். 'சிலாஜிசம்' அவர்களுக்கு நியாயத்தொடை. தொடை என்றால் தொடுத்தது, பூத்தொடுப்பது போல. இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. 1960களில் நம் ஆட்கள் போட்ட புத்தகங்களையும் அந்த இலங்கைப் பாடநூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்றில் தடுக்குவது மற்றதில் விளங்கும்.

பையன் இரண்டையும் பார்த்தான். மணிமேகலையையும் கொண்டுவாருங்கள் என்றான். ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம், துரைசாமிப் பிள்ளை உரையோடு உட்காருகிறோம். பக்கப் போலி ஒன்பதில் மூன்றாவதில் சிரித்துவிட்டான்: தன் சொல்லே தன்னை வெட்டுவது, 'என் தாய் மலடி' என்று சொல்வது மாதிரி. நாலாவது, உலகம் ஒப்பியதற்கு மாறாகப் பேசுவது, மதியைச் சந்திரன் அல்ல என்பது மாதிரி. அதில்தான் நின்றிருக்கிறோம். உலகம் ஒப்பியதே தப்பாக இருந்தால் என்ன செய்வதுங்க, பூமி தட்டை என்றுதானே உலகமே நம்பியது என்று கேட்கிறான். துரைசாமிப் பிள்ளையைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.